ஜேம்ஸ் பாண்டின் வால்தர் பிபிகே: சினிமா துப்பாக்கிகளில் நம்பும்படியானது எது?

சினிமா நாயகனின் கைத்துப்பாக்கி என்றாலே 'எவ்வளவு பவர்?' என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. ஆனால் உளவாளியோ, மப்டியில் திரியும் போலீஸ்காரரோ துப்பாக்கியைச் சுடும் நேரம் வருஷம் முழுக்கக் கூட்டினாலும் சொற்பம். மற்ற நேரமெல்லாம் அது இடுப்பில் கிடக்கும் ஒரு சுமை. எனவே நாயகன் கையிலிருப்பது நம்பும்படி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும். கோட்டுக்குள் மறையுமா? காலையில் செருகினால் இரவு வரை உட்கார்ந்து, எழுந்து, கார் ஓட்டித் திரிய முடியுமா? அவசரத்தில் உருவியதும் முதல் தோட்டா போகுமா? இந்த மூன்றிலும் தேறுகிற பிரபல சினிமா துப்பாக்கிகள் மிகக் குறைவு. அதில் முதலிடம் ஜேம்ஸ் பாண்டின் வால்தர் பிபிகேவுக்கு. நான்காவதாக ஒரு கேள்வி இருக்கிறது: சுட்டால் எதிராளி நிற்பானா? அங்கேதான் இந்தச் சின்னத் துப்பாக்கிக்குச் சறுக்கல்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். ஜெர்மனியின் வால்தர் நிறுவனம் 1929-ல் பிபி என்ற போலீஸ் பிஸ்டலைக் கொண்டுவந்தது. அதன் பேரலையும் பிடியையும் குறுக்கி, சீருடை அணியாத துப்பறியும் போலீஸாருக்காக 1930-களின் தொடக்கத்தில் வந்ததுதான் பிபிகே. நீளம் 155 மி.மீ., பேரல் மட்டும் 83 மி.மீ., எடை 600 கிராமுக்குச் சற்று முன்பின், தடிமன் சுமார் ஓர் அங்குலம். .32 ரகத்தில் மேகசினுக்கு (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டிக்கு) 7 தோட்டா, .380 ரகத்தில் 6; இந்த எண்கள் தோட்டாவின் அங்குல அளவைக் குறிப்பவை. பாண்டுக்குக் கதையில் கொடுக்கப்பட்டது .32; அதையே ஐரோப்பாவில் 7.65 மி.மீ. என்பார்கள்.

உள்ளே இருக்கும் இயக்கம் மிக எளிது. பேரல் ஃபிரேமோடு, அதாவது பிடியுள்ள அடிச்சட்டத்தோடு, அசையாமல் பொருத்தப்பட்டிருக்கிறது; உதையை வாங்கும் ரீகாயில் ஸ்பிரிங் அதைச் சுற்றி நிற்கிறது. பெரிய பிஸ்டல்களில் தோட்டா வெளியேறும்வரை ஸ்லைடையும் (மேலே முன்னும் பின்னும் ஓடும் உலோக உறை) பேரலையும் சேர்த்துப் பூட்டி வைக்க ஓர் ஏற்பாடு இருக்கும். இதில் அது கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும்தான் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குகின்றன. இதனால் ஒரு நன்மை, ஒரு தொல்லை. பேரல் அசையாததால், இத்தனை சிறிய துப்பாக்கிக்கு எதிர்பாராத அளவுக்குக் குறி துல்லியமாக விழும். தொல்லை என்னவென்றால், ஸ்பிரிங் விறைப்பாக இருந்தே ஆகவேண்டும். ஸ்லைடை இழுக்கவே கை வலுவாக இருக்க வேண்டும், சுடும்போது வரும் உதையும் சுருக்கென்று இருக்கும். .380 பிபிகேவைச் சுட்டவர்கள், பூட்டும் அமைப்புள்ள சற்றுப் பெரிய 9 மி.மீ. பிஸ்டலே கைக்கு மென்மை என்று சொல்வதில் மிகையில்லை.

1930-களில் இதைத் தனித்துக் காட்டியது ட்ரிக்கர்தான். அதுவரை பெரும்பாலான பாக்கெட் பிஸ்டல்களில், தோட்டாவை வெடிக்கவைக்கும் ஹேமரையோ ஸ்ட்ரைக்கரையோ முன்கூட்டியே ஏற்றி வைத்து, சேஃப்டியை நம்பித் திரிய வேண்டும். இல்லையென்றால் சேம்பரை, அதாவது தோட்டா வெடிக்கும் அறையை, காலியாக வைத்திருந்து, ஆபத்து நேரத்தில் இரண்டு கையாலும் ஸ்லைடை இழுக்க வேண்டும். பிபிகேவில் சேம்பரில் தோட்டாவை ஏற்றிவிட்டு, சேஃப்டி லீவரைக் கீழே தட்டினால் ஹேமர் பத்திரமாக இறங்கிவிடும். தேவைப்படும்போது லீவரை மேலே தள்ளி ட்ரிக்கரை நீளமாக இழுத்தால் போதும்; ஹேமர் தானே எழும்பி அடிக்கும். முதல் இழுப்புக்கு ஆறு கிலோ அளவுக்கு விசை வேண்டும், அடுத்தடுத்த இழுப்புகளுக்கு அதில் பாதிக்கும் குறைவு. இந்த வித்தியாசம்தான் பழகாதவர்களைக் கவிழ்க்கிறது. கனமான முதல் இழுப்பில் துப்பாக்கி கீழ்நோக்கிச் சாயும். அதே பலத்தில் இரண்டாவதை இழுக்கப்போனால், நினைப்பதற்கு முன்பே வெடித்துவிடும். படத்தில் பாண்ட் திரும்பிய வேகத்தில் ஒரே தோட்டாவில் வேலையை முடிக்கிறாரே, நிஜத்தில் பிபிகேவின் மிகக் கஷ்டமான தோட்டா அந்த முதல் தோட்டாதான்.

ஹேமருக்கு மேலே ஸ்லைடின் பின்முகத்தில் ஒரு சின்ன ஊசி இருக்கிறது. சேம்பரில் தோட்டா இருந்தால் அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கும்மிருட்டிலும் கட்டைவிரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். சினிமாக்காரர்கள் இந்த ஊசியை மறந்தேபோனார்கள். எதிரியை மிரட்டுவதற்கு முன் நாயகன் ஸ்லைடை ஒரு இழு இழுப்பார், 'சர்ரக்' என்று சத்தம் வரும். சேம்பரில் ஏற்கெனவே தோட்டா இருந்தால் அந்த இழுப்பில் ஒரு நல்ல தோட்டா தரையில் விழுந்து உருள வேண்டும். இல்லையென்றால் அதுவரை காலி சேம்பரோடு திரிந்திருக்கிறார் என்று அர்த்தம். இரண்டுமே உளவாளிக்கு அழகல்ல.

பிரித்துச் சுத்தம் செய்வது எளிது, ஒழுங்குமுறை பிசகக் கூடாது. மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்துச் சேம்பர் காலி என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. ட்ரிக்கருக்கு முன்னால் வளைந்திருக்கும் காவல் வளையத்தின் முன்முனையைக் கீழே இழுத்து, லேசாகப் பக்கவாட்டில் தள்ளினால் ஃபிரேமின் விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுத்து, பின்முனையை மேலே தூக்கி, மெல்ல முன்னால் விட்டால் பேரல் மேலாகக் கழன்று வந்துவிடும். வளையத்தைச் சரியாக உட்கார வைக்காவிட்டால் பாதி வேலையில் 'டப்'பென்று மூடிக்கொள்ளும். கைவழுக்கி ஸ்லைடை விட்டுவிட்டால் ஸ்பிரிங் அதை முன்னால் எறியும். திரும்பப் பூட்டும்போது அதே வரிசை தலைகீழ்.

கையில் பிடித்துச் சுடும்போது வரும் பெரிய புகார், கடி. பழைய பிபிகேவின் பின்பக்கத்தில் கைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வால் மிகக் குட்டை. பெரிய கைக்காரர்கள் உயர்த்திப் பிடித்தால், பின்னோக்கி வரும் ஸ்லைடின் இரண்டு கீழ் விளிம்புகளும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள தோலில் உரசும். இரண்டு இணைகோடு போட்டாற்போல ரத்தக் கீறல் விழும். சற்றுத் தாழ்த்திப் பிடித்தால் தப்பலாம், ஆனால் அப்படிப் பிடித்தால் உதை அதிகம். பிற்காலத்தில் அமெரிக்காவில் செய்த ரகங்களில் வாலை நீட்டிவிட்டார்கள், கடி பெருமளவு போய்விட்டது. படங்களில் எத்தனை மேகசின் காலியானாலும் பாண்டின் கையில் ஒரு பிளாஸ்திரிகூட இல்லை.

இந்தத் துப்பாக்கி பாண்ட் கைக்கு வந்த கதையே ஒரு வாடிக்கையாளர் புகாரில் தொடங்கியது. இயன் ஃபிளெமிங் 1953-ல் பாண்டை அறிமுகப்படுத்தியபோது அவருக்குக் கொடுத்தது .25 பெரெட்டா. பைக்குள் அடங்கும், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. 1956-ல் கிளாஸ்கோவிலிருந்து ஜெஃப்ரி பூத்ராய்ட் என்ற துப்பாக்கி ஆர்வலர் ஃபிளெமிங்குக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பெரெட்டா பெண்கள் கைப்பையில் வைக்கிற சமாசாரம் என்பது அவர் வாதம். அவருடைய முதல் பரிந்துரை பிபிகே அல்ல, ஹேமர் வெளியே தெரியாத .38 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர். உடையில் சிக்க எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது, தோட்டா வெடிக்கத் தவறினால் மறுபடி ட்ரிக்கரை இழுத்தால் அடுத்தது வந்துவிடும். பிஸ்டல்தான் வேண்டுமென்றால் பிபிகே என்றார். நாவலாசிரியர் பிஸ்டலைப் பிடித்துக்கொண்டார். 1957-ல் வந்த நாவலில் பெரெட்டாவின் சைலன்சர் உடையில் சிக்கி பாண்டைக் காலை வாரியது. 1958-ல் வந்த அடுத்த நாவலில் பூத்ராய்ட் பெயரிலேயே ஓர் ஆயுத அதிகாரி வந்து பெரெட்டாவைப் பிடுங்கிக்கொண்டு வால்தரைக் கொடுக்கிறார்.

இங்கே ஃபிளெமிங் ஓர் இடத்தில் வழுக்கினார். ரிவால்வருக்காக பூத்ராய்ட் சொன்ன பெர்ன்ஸ்-மார்ட்டின் ஹோல்ஸ்டரை பிபிகேவுக்கு மாட்டிவிட்டார். அது முன்பக்கம் திறந்த ஹோல்ஸ்டர். உள்ளே இருக்கும் ஸ்பிரிங், ரிவால்வரின் உருளையைக் கவ்விப் பிடிப்பதால்தான் துப்பாக்கி நிற்கும். தட்டையான பிபிகேவில் கவ்வ உருளை ஏது? வரவேற்பறையில் பாண்ட் குனிந்தால் துப்பாக்கி தரையில் கிடக்கும்.

இனி தோட்டா. .32-ன் குண்டு 4.6 கிராம், வேகம் வினாடிக்கு 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆற்றல் 200 ஜூலைத் தொடாது. ராணுவங்கள் பயன்படுத்தும் 9 மி.மீ. பாராபெல்லம் சுமார் 8 கிராம் குண்டை 350 மீட்டர் வேகத்தில் தள்ளி 500 ஜூல் அளவுக்குக் கொடுக்கிறது. .32 ஆளைக் கொல்லாது என்பதல்ல இதன் பொருள். உடனடியாக நிறுத்தும் என்று நம்பமுடியாது, அவ்வளவுதான். ஜன்னல் கண்ணாடியில் செங்கல்லை எறிந்தாற்போல என்று முதல் படத்தில் இதற்குக் கொடுக்கிற விளம்பரம், கேட்க நன்றாக இருக்கிறது. துப்பாக்கிக் குண்டு பட்டு ஆள் பின்னால் பறப்பது எந்தக் கைத்துப்பாக்கியிலும் நடக்காது. குண்டு எதிராளிக்குத் தருகிற தள்ளலும், சுடுபவர் கையில் உணர்கிற உதையும் ஏறக்குறைய ஒன்றுதான். சுட்டவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார் என்றால், பட்டவரும் பறக்க நியாயமில்லை.

.32 தோட்டாவுக்கு இன்னொரு வியாதி. அதன் அடிவிளிம்பு உடலைவிடக் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். குண்டை உலோக உறை மூடிய பழைய முழுக்கவசத் தோட்டாக்கள் நீளமானவை, மேகசினை நிறைத்து உட்காரும், நகராது. நுனியில் குழியுள்ள நவீன குண்டுகள் நீளம் குறைவு. மேகசினுக்குள் இடைவெளி கிடைக்கிறது, உதையில் தோட்டாக்கள் முன்னும் பின்னும் ஆடி, மேல் விளிம்பு கீழ் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொள்ளும். வழக்கமான ஜாம் போல ஸ்லைடை இழுத்துச் சரிசெய்ய முடியாது. மேகசினை வெளியே எடுத்து, சிக்கிய தோட்டாவை நெம்பி விடுவிக்க வேண்டும். துப்பாக்கிச் சண்டைக்கு நடுவில் இதற்கு யாருக்கும் நேரமிருக்காது. பிபிகேவுக்கு முழுக்கவசத் தோட்டாவே பாதுகாப்பு என்று விவரமறிந்தவர்கள் சொல்வது இதனால்தான்.

நிஜ வாழ்க்கையில் இந்தத் துப்பாக்கி சோதனைக்கு வந்த மிகப் பிரபலமான தருணத்தில் அது தோற்றது. 1974 மார்ச் 20 அன்று லண்டனில் பிரிட்டிஷ் இளவரசி ஆனின் காரை மறித்து அவரைக் கடத்த முயன்றான் ஒருவன். மெய்க்காவலர் ஜிம் பீட்டன் தன் வால்தரால் ஒருமுறை சுட்டார், குறி தவறியது. அடுத்ததற்குள் துப்பாக்கி ஜாம் ஆகிவிட்டது. அவர் மூன்று குண்டுகளை வாங்கிக்கொண்டு உயிர் தப்பினார், ஜார்ஜ் கிராஸ் விருதும் பெற்றார். அதன்பிறகு அரச குடும்பப் பாதுகாப்பில் அந்த வால்தருக்கு இடமில்லாமல் போனது. பாண்ட் படங்களில் பிபிகே ஜாம் ஆகிற காட்சி தேடினாலும் கிடைப்பது அரிது. நாவலில் பெரெட்டாவைத் தள்ளிவைக்கச் சொன்ன காரணமே அது காலை வாரியது என்பதுதான் என்று யோசித்தால் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

படங்களுக்குள் போனால் குளறுபடி இன்னும் அதிகம். 1962-ல் வந்த முதல் படத்தில் பிபிகே என்று சொல்லிக் கொடுக்கப்படுவது அதன் பெரிய அண்ணன் பிபி. பாண்டிடமிருந்து வாங்கிக்கொள்ளும் 'சின்ன' பெரெட்டாவும் .25 அல்ல, 1934 மாடல். வில்லனின் ஆளான பேராசிரியர் டென்ட்டைச் சுடும் காட்சியில் பாண்ட் கையில் சைலன்சரோடு இருப்பது எஃப்என் 1910. அதே காட்சியில், உன்னுடையது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், ஆறு தோட்டாவும் தீர்ந்துவிட்டது என்று பாண்ட் சொல்வார். டென்ட் கையில் இருப்பதோ கோல்ட் 1911 வகை, மேகசினில் ஏழு. தீர்ந்துபோயிருந்தால் ஸ்லைடு பின்னால் போய்த் திறந்தபடி நின்றிருக்கும், எண்ணிச் சொல்லவே வேண்டியதில்லை. பிபிகேவிலும் கடைசித் தோட்டா போனதும் ஸ்லைடு திறந்து நிற்கும். காலித் துப்பாக்கியை 'டிக் டிக்' என்று அமுக்கிப் பார்க்கிற காட்சி பெரும்பாலான நவீன பிஸ்டல்களுக்குப் பொருந்தாது, ரிவால்வருக்குப் பொருந்தும்.

இன்னும் வேடிக்கை, 1960-களின் போஸ்டர்களில் ஷான் கானரி கன்னத்தருகே தூக்கிப் பிடித்திருக்கும் அந்த நீளப் பேரல் துப்பாக்கி. அது வால்தர்தான், ஆனால் எல்பி-53 என்ற காற்றுத் துப்பாக்கி. விளம்பரப் படம் எடுக்கிற அன்று பிபிகே கைவசமில்லை; புகைப்படக்காரர் டேவிட் ஹர்ன் தன்னிடமிருந்த காற்றுத் துப்பாக்கியைக் கொடுத்துச் சமாளித்தார். உலகத்தின் மிகப் பிரபலமான உளவாளி பல வருஷம் போஸ்டரில் பிடித்திருந்தது, காகித இலக்கைச் சுடுகிற சாமான். 2010-ல் லண்டன் ஏலத்தில் அது இரண்டரை லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

சைலன்சர் விஷயத்தில் பிபிகேவுக்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம். .32 குண்டு ஒலியின் வேகத்துக்குக் கீழேயே போவதால் காற்றைக் கிழிக்கும் சத்தம் எழாது. சைலன்சர் நன்றாக வேலை செய்யும். ஆனால் சாதாரண பிபிகேவில் சைலன்சரைத் திருக இடமே இல்லை. பேரல் ஸ்லைடின் முகத்தோடு முடிந்துவிடுகிறது, மரையிட்ட நீளமான பேரல் தனியாக வேண்டும். மாட்டினாலும் 'ஃபுட்' என்று தும்மல் போலக் கேட்காது. சைலன்சர் இல்லாத பிஸ்டல் 160 டெசிபல் அளவுக்கு வெடிக்கும். இருந்தால் 120-லிருந்து 130-க்குள். பக்கத்து அறைக்காரர் கண்டிப்பாக எழுந்திருப்பார்.

சத்தம் என்றதும் 1988-ல் 'டை ஹார்ட்' படத்தில், நகாடோமி கட்டடத்தில் போலீஸ்காரராக புரூஸ் வில்லிஸ் பிடித்திருந்த பெரெட்டா 92எஃப் நினைவுக்கு வருகிறது. அந்தப் படத்தில் மேஜைக்கு அடியிலிருந்து வெற்றுத் தோட்டா (குண்டில்லாமல் சத்தம் மட்டும் தருவது) சுட்டதில் தன் இடது காதின் கேட்கும் திறனில் பெரும்பகுதி போய்விட்டதாக வில்லிஸே பின்னாளில் சொன்னார். காற்றுக்குழாய்க்குள்ளும் லிப்ட் குழிக்குள்ளும் சுட்டுவிட்டு, அடுத்த நொடி வாக்கி டாக்கியில் தெளிவாகப் பேசும் நாயகர்களுக்கு அவர் காதே பதில்.

பெரெட்டா 92 ஒரு போலீஸ்காரரின் துப்பாக்கியாக முழுக்க நம்பத்தக்கது. 15 தோட்டா, 9 மி.மீ., 1985-ல் அமெரிக்க ராணுவமே எம்9 என்று எடுத்துக்கொண்டது. மேல்பக்கம் திறந்த ஸ்லைடு என்பதால் காலித் தோட்டாக்கள் தங்குதடையின்றி வெளியே தெறிக்கும். வெற்றுத் தோட்டாவிலும் நன்றாக ஓடுவதால் சினிமா ஆயுதக்காரர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம். குறை என்று பார்த்தால் ஒரு கிலோவை நெருங்கும் எடை, 217 மி.மீ. நீளம், சின்னக் கைக்கு அடங்காத பிடி. சேஃப்டி லீவர் ஸ்லைடிலேயே இருப்பதால் அவசரத்தில் ஸ்லைடை இழுக்கும்போது கை பட்டு சேஃப்டி விழுந்துவிடும், பிறகு ட்ரிக்கரை எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் நடக்காது. தொடக்கத்தில் ராணுவத்தில் சில துப்பாக்கிகளின் ஸ்லைடு உடைந்து சுடுபவர் முகத்தை நோக்கி வந்தது. ஹேமர் பின்னைப் பெரிதாக்கி, உடைந்தாலும் ஸ்லைடு அங்கேயே மாட்டிக்கொள்ளும்படி செய்ததுதான் 92எஃப்எஸ். மற்றபடி, அந்தப் படத்தில் வருவதுபோல ரத்தமும் வியர்வையுமாக இருக்கும் வெறும் முதுகில் டேப் ஒட்டி ஒரு கிலோ துப்பாக்கியைத் தொங்கவிட முடியுமா என்பதைத் துப்பாக்கியின் குறையாகச் சொல்ல முடியாது. அது டேப்பின் கணக்கு.

அதே வரிசையின் இரண்டாம் படத்தில் எக்ஸ்-ரேயில் தெரியாத பீங்கான் 'கிளாக் 7' என்று ஒன்று வரும். அப்படி ஒரு பொருள் உலகத்தில் இல்லை. நிஜ கிளாக் 17-ன் ஃபிரேம்தான் பிளாஸ்டிக். ஸ்லைடும் பேரலும் எஃகு, எக்ஸ்-ரேயில் துப்பாக்கி வடிவத்திலேயே தெரியும்.

1971-ல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் ஹாரி என்ற போலீஸ்காரராக கிளின்ட் ஈஸ்ட்வுட் தூக்கிய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 29-க்கு வருவோம். .44 மேக்னம், ஆறரை அங்குலப் பேரல், 1.3 கிலோவுக்கு மேல், ஆறே தோட்டா. குண்டு 15.6 கிராம், ஆற்றல் 1,200 ஜூலைத் தாண்டும். இது வேட்டைக்காரர்களின் துப்பாக்கி. கரடியும் மானும்தான் அதன் வாடிக்கையாளர்கள். நகரத்துப் போலீஸ்காரருக்கு இது ஏன் ஆகாது? முழு மருந்துத் தோட்டாவைச் சுட்டால் பேரல் மேலே எகிறும். அதைத் திரும்பக் குறிக்குக் கொண்டுவருவதற்குள், 9 மி.மீ. வைத்திருப்பவர் மூன்று தோட்டா அனுப்பிவிடுவார். எதிராளியைத் துளைத்துப்போய் பின்னால் நிற்பவரையும் தொடும். மறுபடி நிரப்பும்போது, காலித் தோட்டாக்களைத் தள்ளிவிடும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் எரியாத மருந்துத் துகள் ஒன்று ஒட்டிக்கொண்டால் போதும், உருளை சரியாக மூடாது. இரண்டாம் படத்தில், இதில் மென்மையான தோட்டாதான் போடுகிறேன் என்று ஹாரியே ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் சரி, ஆனால் அதற்கு 1.3 கிலோவைச் சுமப்பானேன்? படம் வந்த பிறகு கடைகளில் இந்த மாடலுக்குக் கிராக்கி ஏறியது. வாங்கியவர்களில் பலர் ஒரு பெட்டித் தோட்டாவைக்கூட முடித்திருக்க மாட்டார்கள். லேசாகப் பயன்படுத்திய மாடல் 29-கள் பழைய துப்பாக்கிச் சந்தையில் அத்தனை சாதாரணம்.

டெஸர்ட் ஈகிள் பற்றி அதிகம் பேச வேண்டாம். இரண்டு கிலோ, .50 ரகத்தில் ஏழு தோட்டா, ரைபிள் போல வாயு அழுத்தத்தில் ஓடும் சுழல் போல்ட். பிடியைத் தளர்த்திப் பிடித்தால் ஜாம், கவசமில்லாத ஈயக் குண்டு போட்டால் வாயுத் துளை அடைத்து ஜாம். கோட்டுக்குள் இதை வைத்துக்கொண்டு நடக்கும் ஏஜென்ட் யாராக இருந்தாலும் ஒரு தோள் இறங்கித்தான் நடக்க வேண்டும். குளோசப்பில் அழகாக இருக்கிறது. அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஜான் விக் 2014-ல் எடுத்த ஹெக்லர் அண்ட் கோக் பி30எல் நேர் எதிர்ப்பக்கம். 9 மி.மீ., 15 தோட்டா, துப்பாக்கியே பரபரப்பில்லாதது. நம்பகம் வருவது கையாளும் விதத்தில். தோட்டா தீர்ந்தால் ஸ்லைடு திறந்து நிற்கிறது, அவர் மேகசின் மாற்றுகிறார், சில இடங்களில் ஸ்லைடை லேசாக இழுத்துச் சேம்பரைப் பார்த்துக்கொள்கிறார். பேரல் முனையில் மாட்டியிருக்கும் காம்பன்சேட்டர் மட்டும்தான் அதிகப்படி. உதையைக் குறைக்கும், சரி. அந்த நீளத்தைக் கோட்டுக்குள் மறைக்க வேறு தையல்காரர் வேண்டும்.

பாண்டுக்கே திரும்பினால், 1997-ல் அவருக்குக் கொடுத்த வால்தர் பி99 எல்லா விதத்திலும் நல்ல மாற்றம். எடை ஏறக்குறைய பிபிகே அளவே, ஆனால் 9 மி.மீ., மேகசினில் 16. 2008-ல் மறுபடி பிபிகேவுக்கே திரும்பியது ஏக்கத்துக்காகத்தான், வேறு காரணம் தெரியவில்லை. இன்றைக்கு சிக் பி365 போன்ற ஒன்று பிபிகேவைவிடக் குட்டை, எடையும் குறைவு, 9 மி.மீ.யில் பத்துத் தோட்டா, விலையும் மலிவு. 1956-ல் பூத்ராய்ட் கடிதம் எழுதியபோது பிபிகே புத்திசாலித்தனமான தேர்வு. இப்போது எழுதினால் அதை அவரே பரிந்துரைக்க மாட்டார்.

சேகரிப்பாளர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடுகள் சில. பிபிகே/எஸ் என்பது பிபியின் ஃபிரேமில் பிபிகேவின் ஸ்லைடு. 1968-ல் அமெரிக்கா கொண்டுவந்த துப்பாக்கிச் சட்டத்தின் இறக்குமதி அளவுகோலில் பிபிகே மயிரிழையில் தேறாததால் செய்த ஒட்டுவேலை அது. ஒரு தோட்டா கூடுதல், ஐம்பது கிராம் கூடுதல், சுண்டுவிரலுக்கும் இடம் கிடைக்கிறது. சுடுவதற்கு இதுவே மேல். 2012 பாண்ட் படத்தில் கைரேகை பார்த்துச் சுடும் துப்பாக்கியாக வந்ததும் இந்த ரகம்தான், .380-ல். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2002 முதல் 2009 தொடக்கம்வரை செய்த பிபிகே, பிபிகே/எஸ் இரண்டையும் அந்த நிறுவனமே திரும்ப அழைத்தது. ஹேமரை இறக்கும்போது தோட்டா வெடிக்கும் அபாயம் இருந்தது. அந்தக் காலத்துத் துப்பாக்கி கைக்கு வந்தால், பழுது பார்க்கப்பட்டதா என்று வரிசை எண்ணை வைத்துக் கேட்காமல் தோட்டா போடக்கூடாது.

நம் ஊரில் 9 மி.மீ. பாராபெல்லம் தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம் என்பதால், லைசென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு .32 நன்றாகத் தெரியும். ஒரு எச்சரிக்கை: இந்திய ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வருக்குப் போகும் நீளத் தோட்டா வேறு, பிபிகே வகைப் பிஸ்டலின் .32 வேறு. பெட்டியில் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் மாறிப்போகும்.

பழைய ஜெர்மன் அல்லது பிரெஞ்சுத் தயாரிப்பு பிபிகே எதுவானாலும் முதலில் மாற்ற வேண்டியது ரீகாயில் ஸ்பிரிங்கும் மேகசின் ஸ்பிரிங்கும். ரீகாயில் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஸ்லைடு ஃபிரேமில் வேகமாக மோதும், காலித் தோட்டாக்கள் வழக்கத்தைவிட வெகுதூரம் போய் விழும். அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.